நிலக்கரி மாதிரிப் பெட்டி: கற்கள் அருமை, கையேடு ஏமாற்றம்

புதைபடிவ எரிபொருள் பாடத்துக்கென்று விற்கப்படும் மாதிரிப் பெட்டி ஒன்றை வாங்கி, ஒரு பருவம் முழுவதும் வகுப்பில் பயன்படுத்திப் பார்த்த பிறகே இதை எழுதுகிறேன். பீட் (சதுப்பு நிலத்தில் அரைகுறையாக மட்கிய செடிப்படிவு), பழுப்பு நிலக்கரி, பிட்டுமினஸ், ஆந்த்ரசைட் என நிலக்கரி உருவாகும் நான்கு படிகளும் பஞ்சு வைத்த அறைகளில் வரிசையாக உள்ளன; ஐந்தாவது அறையில், வாய் உருக்கி மூடிய கண்ணாடிக் குப்பியில் சிறிது கச்சா எண்ணெய்.

மாதிரிகளில் குறை சொல்ல இடமில்லை. பழுப்பு நிலக்கரியைச் சாய்த்துப் பிடித்தால் மரத்தின் நார்வரிகள் வெறுங்கண்ணுக்கே தெரிவதால், இது கரியா கட்டையா என்று மாணவர்கள் குழம்புகிறார்கள். பிட்டுமினஸ் தொட்ட விரலைக் கறுப்பாக்குகிறது. கரிமம் 86 விழுக்காட்டுக்கு மேல் செறிந்த ஆந்த்ரசைட்டோ பளபளவென்று இருந்தும் கையில் ஒட்டுவதே இல்லை. புதையும் ஆழமும் வெப்பமும் ஏற ஏற நீரும் ஆவியாகும் பொருள்களும் வெளியேறிக் கரிமம் மிஞ்சுவதை விரல்களே சொல்லிவிடுகின்றன. ஆனாலும் கொடுத்த காசுக்கு ஈடாக நான் கருதுவது, பார்வைக்கு எருவாட்டி போலிருக்கும் பீட் துண்டைத்தான். சதுப்பு நிலத்தில் பீட் ஆண்டுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டரே சேர்கிறது. ஆகவே 6 செ.மீ. தடிமனுள்ள அத்துண்டு சுமார் 60 ஆண்டுச் சேமிப்பு. அது புதைந்து நல்ல நிலக்கரியாகக் கோடிக்கணக்கான ஆண்டுகள் வேண்டும் என்றதும், 'புதுப்பிக்க இயலாத' என்ற சொல்லுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

கையேடுதான் ஏமாற்றம். பெட்ரோலியம் டைனோசர்களிலிருந்து வந்ததாக அது சொல்கிறது. உண்மையில் கடலடியில் படிந்த பாசிகளும் மிதவை நுண்ணுயிரிகளுமே அதன் பெரும்பகுதிக்கு மூலம். எல்லா நிலக்கரிக்கும் 30 கோடி ஆண்டு என்று ஒரே வயது போட்டிருக்கிறார்கள். பழுப்பு நிலக்கரியில் பெரும்பாலானது 6.6 கோடி ஆண்டுகளுக்கு உட்பட்டது. இவற்றையும்விட, எண்ணெய் தீரும் ஆண்டு இதுதான் என்று தடித்த எழுத்தில் அச்சிட்டிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. அறியப்பட்ட இருப்பை ஓராண்டு உற்பத்தியால் வகுத்துப் பெறும் எண் அது; புதிய எண்ணெய் வயல் கிடைத்தாலோ, விலை ஏறினாலோ, எடுக்கும் நுட்பம் மாறினாலோ அதுவும் மாறும். கடைசிச் சொட்டுவரை யாரும் எடுக்கப் போவதுமில்லை. அதற்கு வெகு முன்பே எடுக்கும் செலவு கட்டுப்படியாகாது. மாணவர்களோ அந்த ஆண்டில் தமக்கு என்ன வயதாகும் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்கள்.

இயற்கை எரிவாயுவுக்கு அறை இல்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி வைப்பது என்று விட்டுவிட்டார்கள் போலும். பீட் சற்று உதிர்வதால் தனி உறையில் வைப்பது நல்லது. கற்களுக்காகத் தாராளமாக வாங்கலாம். நான் கையேட்டை அலமாரியில் வைத்துவிட்டு, பெட்டியை மட்டும் வகுப்புக்கு எடுத்துச் செல்கிறேன்.