எல்லாத்துக்கும் ‘டிஸப்பொயின்டட்’ போடலாமா? ஏமாற்றத்துக்கு ஆங்கிலத்தில் எந்தச் சொல் எங்கே பொருந்தும்

இலங்கை மலையகத்தில், ஹட்டனில் என்னிடம் ஆங்கிலம் படிக்க வரும் தங்கச்சி ஒருவர், ஆறு மாதம் என்று காசு வாங்கிவிட்டு நாலு மாதத்திலேயே முடித்த ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸைப் பற்றி அந்த இடத்துக்கு ஈமெயில் எழுதியிருந்தார். நியாயமான கோபம்தான். ஆனால் முதல் வரியே ‘யூ சீட்டட் மீ’. வந்த பதிலில் அந்த இரண்டு மாதத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, எங்களை மோசடிக்காரர் என்கிறீர்களா என்ற சண்டை மட்டும்தான். கேட்டால், “ஏமாத்திட்டாங்க சேர், அதைத்தானே எழுதினேன்” என்கிறார்.

சிக்கல் இங்கேதான் இருக்கிறது. தமிழில் ஏமாற்றுவதும் ஏமாற்றமும் ஒரே வேர். மழை ஏமாற்றிவிட்டது, பஸ் ஏமாற்றிவிட்டது என்று நாம் சாதாரணமாகச் சொல்வோம், மழை மேல் யாரும் வழக்குப் போடப் போவதில்லை. ஆங்கிலத்தில் ‘சீட்’ என்றால் வேண்டுமென்றே செய்தார்கள் என்ற குற்றச்சாட்டு. கையில் ஆதாரம் இருந்தால் எழுதுங்கள், இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

அடுத்து ‘டிஸப்பொயின்டட்’டும் ‘லெட் டவுன்’னும். முதலாவது பழைய பிரெஞ்சிலிருந்து வந்தது, பதவியில் வைத்த ஆளை அதிலிருந்து நீக்குவதுதான் அதன் ஆரம்பப் பொருள். இப்போது மனநிலையை மட்டும் சொல்கிறது, யார் மேல் தப்பு என்று சொல்லாது. ‘லெட் டவுன்’ நம்முடைய ‘கைவிட்டுட்டாங்க’வுக்குப் பக்கத்தில் நிற்கும் சொல். அதற்கு நாம் நம்பிய ஒருவர், அல்லது வாக்குக் கொடுத்த ஒருவர் வேண்டும். பழகிய ஆளிடம் பேசும்போது இதுதான் நேராக மனதில் படும். ஆபீஸ் கடிதத்துக்குக் கொஞ்சம் ஈரம் அதிகம். இன்னொன்றையும் கவனியுங்கள். ‘டிஸப்பொயின்டட் வித்’ என்றால் நடந்த காரியத்தில் வருத்தம், ‘டிஸப்பொயின்டட் இன் யூ’ என்றால் அந்த ஆள் மேலேயே மதிப்புக் குறைந்துவிட்டது என்று பொருள். அப்பா மகனுக்குச் சொல்கிற தொனி அது. மேலதிகாரிக்கு எழுதிவிடாதீர்கள்.

‘அண்டர்வெல்மிங்’ 1950களில் ‘ஓவர்வெல்மிங்’கைத் திருப்பிப்போட்டு விளையாட்டாக உண்டாக்கிய சொல். சப்பென்று இருந்தது, அவ்வளவுதான். படத்துக்குச் சரி, முறைப்பாட்டுக்கு வேண்டாம்.

‘மீடியோக்கர்’ எனக்குப் பிடித்த சொல், பிடிக்காத சொல்லும் அதுதான். லத்தீன் வேரில் அதன் பொருள் பாதி மலை ஏறியது. நல்லதண்ணியிலிருந்து சிவனொளிபாதமலை ஏறினவர்களுக்கு அது எந்த இடம் என்று தெரியும், முழங்கால் நடுங்க டீக்கடையில் உட்காருவோமே, அங்கே. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் இன்றைய ஆங்கிலத்தில் அது வசவு. நாம் ‘நடுத்தரம்’ என்று நல்ல மனதோடு சொல்வதை அப்படியே மீடியோக்கர் ஆக்கினால் எதிராளிக்குச் சுருக்கென்று குத்தும். ‘ஆவரேஜ்’ போதும். ‘சப்பார்’ என்றால் வழக்கமான தரத்துக்குக் கீழே. 1889 முதல் இருக்கிற நுவரெலியா கோல்ஃப் கிளப்பில் ‘பார்’, அதாவது இத்தனை அடியில் முடிக்க வேண்டும் என்று வைத்த கணக்கு, அதற்குக் கீழே அடித்தால் கைதட்டுவார்கள், கடிதத்தில் அதே பேச்சு தலைகீழ்.

நான் உண்மையில் பொறாமைப்படுவது டீ ருசி பார்ப்பவர்களின் ஆங்கிலத்தைத்தான். கொழும்பில் தேயிலை ஏலம் 1883இல் தொடங்கியது, அந்தத் தொழிலில் சொல் ஒவ்வொன்றும் குறையைக் கையால் தொட்டுக் காட்டும். ‘தின்’ என்றால் சாயத்தில் திடம் இல்லை. ‘டல்’ என்றால் தெளிவு, பளபளப்பு இல்லை. ‘ஃப்ளாட்’ என்றால் நாக்கில் அந்தச் சுறுசுறுப்பு இல்லை. ‘பேக்கி’ என்றால் காய வைக்கும்போது சூடு மிஞ்சிவிட்டது. ஒரு மடக்கு உறிஞ்சித் துப்பிவிட்டு இப்படி ஒரு சொல்லைப் போட்டால், எந்த இடத்தில் பிசகியது என்று தொழிற்சாலையில் தேயிலை தயாரிக்கும் டீமேக்கருக்கு அங்கேயே பிடிபடும். வெறும் டிஸப்பொயின்டிங் என்று எழுதினால் அவர் எதைத் திருத்துவார்?

அதனால் கடிதம் என்று வந்தால் என் ஓட்டு ‘ஃபோல் ஷோர்ட்’டுக்கு, அதாவது சொன்ன அளவுக்கு வராமல் குறைந்துபோவது. எதிலிருந்து எவ்வளவு குறைந்தது என்று சொல்லாமல் இந்தச் சொல் சும்மா நிற்காது. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிக்கும் நம் அம்மாமாருக்கு இதை விளக்கவே வேண்டாம். நோர்ம், அதாவது ஒரு நாளைக்குப் பறிக்க வேண்டிய அளவு, 18 கிலோ என்று வைத்த தோட்டத்தில் கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தராசு 16ஐக் காட்டினால் பல இடங்களில் அன்றைக்கு அரைப்பேர், அரை நாள் சம்பளம்தான். முழு நாளும் மழையில் அட்டைக்கடியோடு நின்றவர் அந்த இரண்டு கிலோவை மறப்பாரா? சம்பளமும் அப்படியே. 2024இல் தோட்டத் தொழிலாளருக்கு நாளுக்கு 1700 ரூபாய் என்று அறிவித்தார்கள், அந்த வருடமே அடிப்படைச் சம்பளமாக வந்து நின்றது 1350. ‘வீ ஆர் டிஸப்பொயின்டட்’ என்று எழுதினால் வருந்துகிறோம் என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். 350 ரூபாய் ‘ஃபோல்ஸ் ஷோர்ட்’ என்று எழுதினால் அந்த 350க்குப் பதில் சொல்ல வேண்டும்.

அந்தத் தங்கச்சியும் நானும் ஈமெயிலைத் திரும்ப எழுதினோம். ‘சீட்’ போய்விட்டது. சொன்னது ஆறு மாதம், நடத்தியது நாலு, குறைந்தது இரண்டு, அந்த இரண்டுக்கு வகுப்பா காசா என்று நாலே வரி. ‘லெட் டவுன்’னைக் கடைசியில் ஒரு இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தார். வைத்தோம், அந்தக் காசு அவருடைய அம்மா சீட்டுப் பிடித்துக் கட்டியது.