ஆறு வருஷம், 1,140 மணி நேரம்: எங்கள் தோப்பு மினி டிராக்டர்

2019 ஆவணியில் மினி டிராக்டர் வாங்கினேன். இன்று காலை மீட்டர் 1,140 மணி நேரம் காட்டுகிறது. செட்டிநாட்டில் கானாடுகாத்தான் பக்கத்தில் எங்களுக்கு நாலரை ஏக்கர் தோப்பு. தென்னை, மா, ஓரத்தில் கொஞ்சம் முந்திரி. அது போக, ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிற பழைய வீடும், பின்கட்டைத் தாண்டி அரை ஏக்கர் காலி இடமும். வீடு பங்காளிகளுக்குப் பொது. முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் வருவார்கள், மற்ற நாளெல்லாம் பூட்டுதான். பூட்டிக் கிடக்கிற வீட்டைச் சுற்றிச் சீமைக்கருவேலம் என்ன வேகத்தில் ஏறும் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

"வாடகைக்கு டிராக்டர் கிடைக்குதே, எதுக்கு ஆச்சி சொந்தமா ஒண்ணு?" என்று கேட்காதவர்கள் இல்லை. நியாயமான கேள்விதான். ஆனால் வாடகைக்கு வருவது 45, 50 குதிரைத்திறன் வண்டி. இளந்தென்னை மட்டையை முறித்துக்கொண்டு போகும், சொட்டுநீர்க் குழாய் மேல் ஏறும், பின்தெரு வாசலுக்குள் நுழையவே நுழையாது. எல்லாவற்றுக்கும் மேல், நம் செம்மண்ணில் மழைக்குப் பிறகு உழவுக்குப் பதம் இருப்பது இரண்டு, மூன்று நாள்தான். அந்த நாளில் ஊரிலுள்ள அத்தனை வண்டியும் நெல்வயலில் இருக்கும். நம் முறை வரும்போது மண் மறுபடி இறுகியிருக்கும்.

எதை வாங்குவது என்பதில் எனக்கு வழி காட்டியது பனி கொட்டுகிற ஊரிலிருந்து வந்த ஒரு யோசனை. அண்ணன் அமெரிக்காவில் பஃபலோவில் இருக்கிறார். ஈரி ஏரிக்கரை ஊர். குளிர்காற்று ஏரியின் ஈரத்தை அள்ளிவந்து கரையில் பனியாகக் கொட்டும், வருஷத்துக்குச் சராசரியாக 90 அங்குலத்துக்கு மேல். 2022 நவம்பரில் பக்கத்து ஆர்ச்சர்ட் பார்க்கில் நாலு நாளில் ஆறடிக்கு மேல் கொட்டியது. அண்ணன் வீட்டில் ஒரு கார்டன் டிராக்டர் நிற்கிறது. கோடையில் புல் வெட்டும், குளிர்காலத்தில் பனி அகற்றும்.

அங்கே லான் டிராக்டர், கார்டன் டிராக்டர் என்று இரண்டு வகை. பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். லான் டிராக்டர் புல் வெட்டுவதற்கென்று செய்தது. கார்டன் டிராக்டருக்குப் பின் ஆக்சிலும் கியர்பாக்ஸும் மண்ணைக் கிளறவும் சுமை தள்ளவும் தாங்குகிற மாதிரி கனமாக இருக்கும். இது தெரியாமல் அண்ணன் முதலில் விலை குறைந்ததை வாங்கி, முன்னால் பிளேடு மாட்டிப் பனி தள்ளி, இரண்டாவது குளிர்காலத்தில் கியர்பாக்ஸைப் பறிகொடுத்தார். அடுத்த வண்டிக்குப் பிளேடு வாங்கவில்லை, பனியை அள்ளி வீசுகிற கருவியை வாங்கினார். பிளேடு பனியை ஓரத்தில் குவிக்கும். நாலைந்து முறை குவித்த பிறகு தள்ள இடம் இருக்காது, பாதை பாதியாகச் சுருங்கிவிடும். வீசுகிற கருவிக்கு அந்தத் தொல்லை இல்லை.

"குதிரைத்திறனை அப்புறம் பாரு. பின்னால என்ன மாட்டப்போறே, எத்தனை நாள் மாட்டப்போறேன்னு முதல்ல எழுது" என்றார். எழுதினேன். ஒரு வருஷ வேலையை நோட்டில் போட்டுப் பார்த்தால், உழவு பன்னிரண்டே நாள். புல் வெட்டுவது இருபது நாள். மண் நிரவுவது ஐந்தாறு நாள். ஆனால் தேங்காய், மட்டை, எரு, குப்பை, செங்கல் என்று சுமப்பது தொண்ணூறு நாள்! அதுவரை ரோட்டவேட்டர், அதாவது சுழல்கத்தியால் மண்ணைக் கிளறுகிற கருவி, இழுக்கிறதா என்ற ஒரே கேள்வியோடு 28 குதிரைத்திறன் வண்டி வாங்கப் பணம் தயாராக வைத்திருந்தேன். நோட்டு அதைத் தடுத்தது.

அப்போது பார்த்தவற்றில் மஹிந்திரா யுவராஜ் 215ம் சுவராஜ் 717ம் 15 குதிரைத்திறன், ஒற்றை சிலிண்டர். எளிமையானவை, எந்தப் பட்டறையிலும் கை வைப்பார்கள். வி.எஸ்.டி.யின் எம்.டி. 180டி 18.5, மூன்று சிலிண்டர். குபோட்டா நியோஸ்டார் பி2441 24 குதிரைத்திறன், நாலு சக்கர இழுவை. நான் எடுத்தது 20க்கு மேற்பட்ட ரகத்தில் நாலு சக்கர இழுவை உள்ள ஒன்று. ஐப்பசியில் தோப்புப் பள்ளத்தில் ஏற்றிய டிரெய்லரோடு மாட்டிக்கொள்ளாமல் வெளியே வர அந்த முன்சக்கர இழுவை வேண்டும். ஆறு வருஷத்தில் நான் செய்த சரியான முடிவு என்றால் முதலில் அதைத்தான் சொல்வேன்.

தவறவிட்டது அகலம். எங்கள் பின்தெரு வாசலின் இரண்டு கல்தூணுக்கும் நடுவே 4 அடி 2 அங்குலம். டிராக்டர் 3 அடி 7 அங்குலம். அளந்து பார்த்து மகிழ்ந்துபோய், கூடவே நாலடி ரோட்டவேட்டரையும் எடுத்துவிட்டேன். "எல்லாம் தாராளமாப் போகும்" என்றார் விற்றவர். நாலடி என்பது கத்தி வெட்டுகிற அகலம், இரண்டு பக்கத் தகடும் சேர்ந்தால் வாசலைவிடப் பெரிது. டிராக்டர் உள்ளே போனது, ரோட்டவேட்டர் தூணில் முட்டி நின்றது. சிறியது மாற்றலாம் என்றால் மூன்றடி ரோட்டவேட்டர் சக்கரத் தடத்தை உழாமல் விட்டுவிடும். கடைசியில் நாலடியைத் தோப்புக் கொட்டகையிலேயே வைத்துவிட்டோம், பின்கட்டுக்குப் புல் வெட்டுகிற கருவி மட்டும் வருகிறது. வாங்கப் போகிறவர்கள் டேப்பைக் கொண்டுபோய், மாட்டுகிற கருவியின் வெளி அகலத்தை ஓரத்திலிருந்து ஓரம் அளந்துகொள்ளுங்கள். டிரெய்லர் விஷயத்தில் அந்தப் பாடம் உதவியது. காரைக்குடியில் ஒரு பட்டறையில் 3 அடி 8 அங்குலத்தில் தூக்கிக் கொட்டுகிற மாதிரி செய்து வாங்கினேன். இந்த ஆறு வருஷத்தில் காசுக்கு மேல் உழைத்தது அந்த டிரெய்லர்தான்.

எடையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வண்டி இலேசாக இருப்பது தென்னை வேருக்கு நல்லது, மண் அமுங்காது. ஆனால் சித்திரையில் எங்கள் மண் செம்புறாங்கல் கலந்து பாறையாகக் கிடக்கும். அப்போது இலேசான வண்டியில் ரோட்டவேட்டர் மேலே மேலே துள்ளும், பின்சக்கரம் நின்ற இடத்தில் சுற்றும். பக்கத்துத் தோப்புப் பெரியவர் ஒருவர் பின் டயருக்குள் தண்ணீர் ஏற்றச் சொன்னார். வால்வு மேலே வரும்படி சக்கரத்தை நிறுத்தி, வால்வு மட்டம் வரை தண்ணீர், மேலே காற்று. முக்கால் டயர் நிரம்பும். ஒரு டயருக்கு அறுபது லிட்டர் போல ஏறியது, அத்தனை கிலோவும் தரையோடு தரையாக உட்கார்ந்தது. துள்ளல் பெரும்பாலும் அடங்கியது. அண்ணனிடம் சொன்னபோது, அங்கே வெறும் தண்ணீர் உறைந்துபோகும், அதனால் சர்க்கரை எடுக்கிற பீட்ரூட்டின் சாற்றை ஏற்றுகிறார்கள் என்றார். முன்பு கால்சியம் குளோரைடு கரைசல் ஏற்றுவார்களாம், அது ரிம்மை அரிக்கும். பனியில் வழுக்காமல் இருக்கச் சக்கரத்தில் சங்கிலியும் சுற்றுவார்கள். நமக்குக் கிணற்றுத் தண்ணீர் போதும்.

அதோடு, கடும் கோடையில் ரோட்டவேட்டரை நேராக இறக்குவதை நிறுத்திவிட்டோம். முதலில் ஐந்து கொத்துக் கலப்பை ஒரு சால், பிறகு ரோட்டவேட்டர். தென்னை மரத்திலிருந்து ஆறடிக்குள் கருவி போகக் கூடாது, அது மண்வெட்டி வேலை.

கருவேல முள்ளைப் பற்றிச் சொல்லாமல் இந்த ஊர் அனுபவம் முழுமையாகாது. முதல் வருஷம் முன் டயர்கள் மட்டும் பதினொரு முறை பஞ்சர். ஒட்டிக்கொண்டு வருவோம், இரண்டே நாளில் அதே இடத்துக்கு ஓரங்குலம் தள்ளி மறுபடி காற்று இறங்கும். ஒரு நாள் டயரைக் கழற்றி உள்பக்கம் பழைய பருத்தித் துணியால் துடைத்துப் பார்த்தேன். துணி ஓரிடத்தில் சிக்கியது. வெளியே தெரியாமல் ஒடிந்து ரப்பருக்குள் புதைந்திருந்த முள்ளின் கறுப்பு நுனி, கடுகளவுதான், உள்ளே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. டியூபை மட்டும் ஒட்டி, முள்ளை அப்படியே விட்டிருக்கிறோம்! அன்று நான்கு டயரிலும் ஏழு முள் எடுத்தோம். இப்போது பஞ்சர் என்றால் துணித் துடைப்பு கட்டாயம். வெட்டிய கருவேலத்தைத் தரையில் இழுக்காமல் டிரெய்லரில் அள்ளுவதையும் பழக்கமாக்கியபின் போன வருஷம் இரண்டே பஞ்சர்.

அதே கருவேலம் எங்களுக்கு ஒரு பெரிய பயத்தையும் காட்டியது. 2021இல் படைப்புக்கு முன் பின்கட்டைச் சுத்தம் செய்துகொண்டிருந்தோம். தொடை கனத்தில் ஒரு கட்டை. ஓட்டுகிற தம்பி சங்கிலியை, பின்னால் கருவியின் மேல்பக்கத்தைப் பிடிக்கிற டாப் லிங்க் கம்பிக்கான மேல் துளையில் மாட்டி கிளட்சை விட்டான். வேர் அசையவில்லை, டிராக்டரின் முன்சக்கரம் இரண்டும் மேலே எழும்பின. நான் கிணற்றடியில் நின்று கத்துகிறேன், அவன் காதில் விழவில்லை. நல்லவேளை, பதறாமல் கிளட்சை மிதித்தான், வண்டி தொப்பென்று இறங்கியது. இன்னும் ஒரு நொடி போயிருந்தால் வண்டி பின்னால் அவன் மேலேயே கவிழ்ந்திருக்கும். "முன்னாடி சக்கரம் தூக்கினது எனக்குத் தெரியவே இல்லை ஆச்சி" என்று உட்கார்ந்துவிட்டான். இழுக்கிற சங்கிலி ஆக்சிலுக்குக் கீழே உள்ள இழுவைக் கட்டையில்தான் மாட்ட வேண்டும். மேலே மாட்டினால் இழுக்கிற விசையே வண்டியைத் தூக்கிவிடும். தயவுசெய்து உங்கள் வண்டி ஓட்டுகிறவருக்கு இதை நேரில் காட்டிச் சொல்லுங்கள்.

இன்னொன்று பி.டி.ஓ. தண்டு, எஞ்சின் சுழற்சியைப் பின்னால் மாட்டிய கருவிக்குக் கொண்டுபோவது. நிமிஷத்துக்கு 540 சுற்று, அதாவது நொடிக்கு ஒன்பது. நம் ஆட்கள் வேட்டி, துண்டு, கைலியோடு வேலை செய்கிறவர்கள். துண்டு நுனி சுற்றிக்கொண்டால் கையை உதறக்கூட நேரம் இருக்காது. தண்டின் மேல் வருகிற பிளாஸ்டிக் உறையைக் கிரீஸ் அடிக்க இடைஞ்சல் என்று கழற்றி எறிகிறார்கள். எங்கள் தோப்பில் உறை இல்லாமல் வண்டி கிளம்பாது, துண்டு கட்டியவர் அருகே வரவும் விடமாட்டேன்.

ரோட்டவேட்டர் கல்லில் முட்டினால் முதலில் உடைவது ஷியர் போல்ட். அது உடைந்து கியர்பாக்ஸைக் காப்பாற்றும். அண்ணனின் பனிக் கருவியிலும் இதே வேலைக்கு ஒரு பின் இருக்கிறது, உறைந்த செய்தித்தாள் கட்டு சிக்கினால் அது உடையும். எங்கள் வண்டியில் போல்ட் அடிக்கடி உடைகிறது என்று யாரோ ஒருவர் கெட்டியான போல்ட்டைப் போட்டுவிட்டார். அடுத்த கல்லில் போல்ட் உடையவில்லை, கியர் பல் போனது. சரியான போல்ட்டை ஒரு டஜன் வாங்கி டூல் பெட்டியில் போட்டு வைப்பது அந்தக் கியர் செலவில் நூறில் ஒரு பங்குகூட வராது.

பராமரிப்பில் மற்றவை வழக்கமானவைதான். ஆயில் 250 மணி நேரத்துக்கு ஒரு முறை, பேட்டரி மூன்று வருஷம், கிளட்ச் பிளேட் 820 மணி நேரத்தில் ஒரு தடவை. கோடையில் செம்மண் புழுதிக்கு ஏர் ஃபில்டரைத் தினமும் பார்க்க வேண்டும். மட்டை தூளாக்குகிற நாளில் ரேடியேட்டர் வலையில் நார் பாய் விரித்த மாதிரி படியும், மத்தியானம் ஒரு முறை நிறுத்தித் தட்டிவிடாவிட்டால் சூடு ஏறும். டீசல், டிரெய்லர் ஓட்டத்துக்கு மணிக்கு ஒன்றேகால் லிட்டர், ரோட்டவேட்டருக்கு மூன்று லிட்டர் வரை.

பணம் பற்றி: வேளாண் பொறியியல் துறை வழியாக வருகிற இயந்திரமயமாக்கல் திட்டத்தில் சிறு, குறு, பெண், ஆதிதிராவிடர், பழங்குடி விவசாயிகளுக்கு 50 சதவீதம் வரையும் மற்றவர்களுக்கு 40 சதவீதம் வரையும் மானியம் உண்டு, உச்சவரம்புக்கு உட்பட்டு. உழவன் செயலியில் பதிவு செய்து அனுமதி வந்த பிறகே வாங்க வேண்டும், வாங்கிவிட்டுப் போய்க் கேட்டால் கிடைக்காது. 2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டருக்கு ஜி.எஸ்.டி. 12இலிருந்து 5 சதவீதமாகக் குறைந்திருக்கிறது. ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு இப்போதும் களை கிளறுகிற பவர் வீடரும் புதர் வெட்டுகிற ஒரு பிரஷ் கட்டரும் போதும் என்றே சொல்வேன். சுமக்கிற வேலை வருஷத்தில் ஐம்பது நாளாவது இருந்தால்தான் இந்த வண்டிக்கு வேலை.

புல் வெட்டுகிற கருவியோடு முகப்புப் பக்கம் மட்டும் போவதில்லை. உழவு டயரின் ரப்பர்க் கட்டை ஏறினால் அங்கே பதித்த ஆத்தங்குடிக் கல் தாங்காது, ஒரு மூலை ஏற்கெனவே விரிந்திருக்கிறது. பின் டயர் கட்டைகள் இப்போது பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டன. வருகிற படைப்புக்கு முன் இரண்டையும் மாற்ற வேண்டும், பழைய டயரில் இருக்கிற தண்ணீரைத் தென்னைக்கே திறந்துவிடலாம் என்று தம்பி சொல்லியிருக்கிறான்.