மிசூரி மாநில ஆவணக் காப்பகம்: முன்னோரைத் தேடுவோருக்கு ஒரு மதிப்புரை

அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் வேர்கொண்ட ஒரு குடும்பத்தின் முன்னோரைத் தேடப் புறப்படுபவர், சந்தா கேட்கும் வணிகத் தளங்களுக்குப் பணம் கட்டுவதற்கு முன், அந்த மாநிலத்தின் ஆவணக் காப்பகத்தை முழுமையாகப் பயன்படுத்திப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. என் மகன் மணந்துகொண்டது கேஸ்கனேட் கவுண்டியில் (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) பல தலைமுறைகளாக வாழும் ஜெர்மானிய வழிக் குடும்பத்துப் பெண்ணை. பேரப்பிள்ளைகளுக்குத் தந்தைவழி முன்னோரைப் பற்றிச் சொல்ல எங்களிடம் கதைகள் நிறைய உண்டு. தாய்வழியிலோ சம்பந்தி வீட்டாருக்கே கொள்ளுத்தாத்தாவுக்கு அப்பால் பெயர்கள் தெரியவில்லை. அந்த இடைவெளியை நிரப்பும் வேலையில் நான் பெரிதும் நம்பியிருந்தது இந்தக் காப்பகத்தையும், மிசூரி டிஜிட்டல் ஹெரிடேஜ் என்ற அதன் இணையத் தொகுப்பையும்தான்.

1965-இல் நிறுவப்பட்ட இந்தக் காப்பகம் மாநிலச் செயலாளரின் பொறுப்பில் இயங்குகிறது. தலைநகரான ஜெஃபர்சன் சிட்டியில், இருபது ஆண்டுகள் அந்தப் பதவியை வகித்த ஜேம்ஸ் கிர்க்பாட்ரிக்கின் பெயர் தாங்கிய கட்டடத்தில் உள்ளது. அதன் வாசிப்பறை பொதுமக்கள் எவருக்கும் திறந்திருக்கிறது. இணையத்தில் உள்ளவற்றைப் பார்க்கக் கட்டணமும் இல்லை, உறுப்பினராகச் சேர வேண்டிய கட்டாயமும் இல்லை.

இந்தச் சேவையின் மணிமகுடம் இறப்புச் சான்றிதழ்த் தொகுப்பு. மிசூரியில் பிறப்பும் இறப்பும் மாநில அளவில் கட்டாயமாகப் பதிவு செய்யப்படத் தொடங்கியது 1910-இல். ஐம்பது ஆண்டுகளைக் கடந்த சான்றிதழ்கள் சுகாதாரத் துறையிடமிருந்து காப்பகத்துக்கு வந்துவிடுகின்றன. 1910 முதலான அந்தச் சான்றிதழ்களின் படங்களைக் காப்பகம் அப்படியே இணையத்தில் வைத்திருக்கிறது. வெறும் பெயர்ப் பட்டியலை மட்டும் தந்துவிட்டு, மூலப் பிரதிக்குத் தனியாக விண்ணப்பித்துப் பணம் கட்டச் சொல்லும் மாநிலங்களில் தேடிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை விளங்கும். ஒரே தாளில் இறந்தவரின் பிறந்த தேதி, தொழில், திருமண நிலை, தந்தையின் பெயரும் பிறந்த இடமும், இறப்புக்கான காரணம், அடக்கம் செய்யப்பட்ட இடம் ஆகியவற்றோடு, தாய் திருமணத்துக்கு முன் தாங்கியிருந்த குடும்பப் பெயரும் இருக்கிறது. கடைசியாகச் சொன்னது மிக முக்கியமானது. திருமணத்தோடு பெண்ணின் பிறந்த வீட்டுப் பெயர் மறைந்துவிடும் ஒரு சமூகத்தில், தாய்வழியை ஒரு தலைமுறை பின்னே கொண்டுசெல்லும் கதவு பெரும்பாலும் அந்த ஒரு கட்டத்தில்தான் திறக்கிறது. ஒரு கவுண்டியின் 1918 அக்டோபர், நவம்பர் மாதச் சான்றிதழ்களை வரிசையாகத் திறந்து பாருங்கள். இன்ஃப்ளூயன்ஸா, நிமோனியா என்ற சொற்கள் இருபது, முப்பது வயதினரின் தாள்களில் திரும்பத் திரும்ப வருவதைப் பார்க்கும்போது, குடும்ப வரலாறும் ஊர் வரலாறும் ஒன்றாகிவிடுகின்றன.

ஆயினும் இந்தத் தாளை எப்படிப் படிக்க வேண்டும் என்பதைப் புதியவர்களுக்கு யாராவது சொல்லிக்கொடுத்தே ஆக வேண்டும். இறந்த தேதியும் காரணமும் மருத்துவரோ பிணக்கூறு அதிகாரியோ எழுதியவை. பிறந்த தேதியும் பெற்றோர் பெயரும் துக்க வீட்டில் இருந்த மகனோ மருமகளோ பக்கத்து வீட்டுக்காரரோ சொல்லி எழுதப்பட்டவை. எண்பது ஆண்டுகளுக்கு முன் கடலுக்கு அப்பால் நடந்த ஒன்றை அவர்கள் கேள்விப்பட்ட வரையில்தான் சொல்ல முடிந்திருக்கும். ஆகவே தகவல் தந்தவர் யார் என்ற வரியை முதலில் படித்து, அவர் இறந்தவருக்கு என்ன உறவு என்று தீர்மானித்த பிறகே மற்ற வரிகளை எடைபோட வேண்டும். பிறந்த இடம் என்ற கட்டத்தில் ‘ஜெர்மனி’ என்று மட்டும் எழுதியிருப்பது இன்னொரு இடர். 1840-இல் பிறந்தவரின் காலத்தில் ஒன்றுபட்ட ஜெர்மனி என்ற நாடே இல்லை, அது உருவானது 1871-இல்தான். அவர் பிரஷ்யாவிலிருந்து வந்தாரா ஹனோவரிலிருந்து வந்தாரா என்பதைத் தேவாலயப் பதிவேடு, கல்லறைக் கல், குடியுரிமைப் பத்திரம் ஆகியவற்றில்தான் தேட வேண்டும். ஊர்ப் பெயர்களும் நிலையானவை அல்ல. ஜெர்மானியர்களுக்கெனவே 1830-களில் உருவான ஹெர்மன் நகரம் உள்ள அதே கேஸ்கனேட் கவுண்டியில், போட்ஸ்டாம் என்ற சிற்றூர் முதல் உலகப் போரின்போது, 1918-இல், அமெரிக்கத் தளபதியின் பெயரால் பெர்ஷிங் என்று மாற்றப்பட்டது. பழைய வரைபடம் ஒன்றைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொள்ளாமல் இங்கே தேட இயலாது.

1910-க்கு முன் மாநிலத்திடம் எதுவுமே இல்லை என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அது சரியன்று. 1883-இல் வந்த ஒரு சட்டம் பிறப்பு, இறப்புகளைக் கவுண்டி எழுத்தர்கள் பதிவு செய்யும்படி பணித்தது. எல்லாக் கவுண்டிகளும் அதை ஒழுங்காகப் பின்பற்றவில்லை, 1893-இல் சட்டமும் நீக்கப்பட்டது. எனினும் எஞ்சிய பதிவேடுகளைக் காப்பகம் தனித் தரவுத்தளமாகத் தொகுத்திருக்கிறது, அதன் மதிப்பு அதன் அளவைவிடப் பெரியது. 1890-ஆம் ஆண்டின் கூட்டாட்சி மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, 1921-இல் வாஷிங்டனில் நிகழ்ந்த தீவிபத்தின் விளைவாக ஏறக்குறைய முழுவதுமாக அழிந்துபோனதால், 1880-க்கும் 1900-க்கும் இடையே இருபது ஆண்டு வெற்றிடம் உள்ளது. 1900 கணக்கெடுப்பில் தாய்மார்களிடம் பெற்ற குழந்தைகள் எத்தனை, உயிரோடு இருப்பவர்கள் எத்தனை என்று கேட்டார்கள். இந்த இரண்டு எண்களுக்கும் இடையிலான வித்தியாசத்தில் மறைந்துபோன குழந்தைகளின் பெயரை, அந்தப் பத்தாண்டுப் பதிவேட்டில்தான் பல குடும்பங்கள் முதன்முறையாகக் கண்டெடுக்கின்றன. என் பேரப்பிள்ளைகளின் தாய்வழியிலும் அப்படி ஒரு பெண் குழந்தை இருந்தது. அவள் பெயரைக் குடும்பத்தில் யாரும் கேள்விப்பட்டிருக்கவில்லை.

திருமணங்களைப் பொறுத்தவரை, மாநிலம் அவற்றை மையமாகப் பதியத் தொடங்கியது 1948-இல்தான். அதற்கு முந்தையவை கவுண்டிப் பதிவாளர்களின் ஏடுகளில் உள்ளன. இவற்றில் பலவற்றின் நுண்படச் சுருள்கள் (மைக்ரோஃபில்ம்) ஜெஃபர்சன் சிட்டி வாசிப்பறையில் கிடைக்கின்றன. இணையத்தோடு தேடலை நிறுத்திக்கொள்பவர்கள் இழப்பது இது போன்ற சுருள்களைத்தான். அவற்றிலும் குறிப்பாக, இறந்தவரின் சொத்தைக் கணக்கிட்டுப் பிரித்துக்கொடுத்த புரோபேட் நீதிமன்றக் கோப்புகளை. ஒரு சாதாரண விவசாயி இறந்தால் அவர் வீட்டிலும் தொழுவத்திலும் இருந்த ஒவ்வொரு பொருளையும் மதிப்பீட்டாளர்கள் எழுதி விலை போட்டிருக்கிறார்கள்: பசு, ஏர், இறகு மெத்தை, மதுப் பீப்பாய், ஜெர்மன் வேதாகமம். அடுத்த தாளில் ஏலத்தில் எதை யார் வாங்கினார் என்ற விவரம் இருக்கும். வாங்கியவர்களில் பாதிப்பேர் அண்டை நிலத்துக்காரர்கள் அல்லது மருமகன்கள். அதற்கடுத்து, சிறு பிள்ளைகளுக்கு யார் காப்பாளர், கலிபோர்னியாவுக்குப் போய்விட்ட மகனுக்கு எந்த முகவரிக்கு அறிவிப்பு அனுப்பப்பட்டது, விதவைக்கு எது ஒதுக்கப்பட்டது என்பனவெல்லாம் வரும். பிறந்தார், மணந்தார், இறந்தார் என்ற மூன்று தேதிகளுக்கு அப்பால் ஒரு மனிதர் எப்படி வாழ்ந்தார் என்று கேட்பவருக்கு விடை இந்தக் கோப்புகளில்தான் இருக்கிறது. ஒரு கவுண்டியின் கோப்புகளைத் தொடர்ச்சியாகப் படித்தால் அந்த வட்டாரத்தின் பொருளாதார வரலாறே கண்முன் விரியும்.

இந்தக் காப்பகத்தை நான் மிகவும் மதிப்பதற்கு இன்னொரு காரணம், கறுப்பின மக்களின் வரலாற்றுக்கு அது திறந்துவைத்திருக்கும் வழி. 1850, 1860 கணக்கெடுப்புகளின் அடிமைகள் பட்டியலில் உடைமையாளரின் பெயர்தான் இருக்கும். அடிமைப்படுத்தப்பட்டவர் வயது, பாலினம், நிறம் என்ற மூன்று குறிப்புகளாகச் சுருங்கியிருப்பார். அவர்களில் பெரும்பாலோர் பெயரோடு கணக்கெடுக்கப்பட்டது 1870-இல்தான். அந்தச் சுவரைத் தாண்டிப் பின்னே செல்ல நீதிமன்ற ஆவணங்கள் உதவுகின்றன. சட்டத்துக்கு மாறாகத் தாங்கள் அடிமைகளாக வைக்கப்பட்டிருப்பதாகக் கருதியவர்கள் விடுதலை கோரி வழக்குத் தொடுக்க மிசூரியின் 1824 சட்டம் இடம் தந்தது. செயின்ட் லூயிஸ் வட்டார நீதிமன்றத்தில் அப்படித் தொடுக்கப்பட்ட வழக்குகளில் முந்நூறுக்கு மேற்பட்டவற்றின் கோப்புகள் எஞ்சியுள்ளன. 1846 ஏப்ரலில், பின்னர் அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்ற டிரெட் ஸ்காட்டும் அவர் மனைவி ஹாரியட்டும் தொடுத்த வழக்குகளும் அவற்றுள் அடங்கும். தாயின் பெயர், பிள்ளைகளின் பெயர்கள், எந்த ஆண்டில் எந்த மாநிலத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டார், யாருக்கு விற்கப்பட்டார் என்பவை அந்த மனுக்களில் எழுதப்பட்டிருக்கின்றன. மனிதர்களைச் சொத்தாகக் கணக்கிட்ட ஒரு காலத்தில் அவர்கள் தங்கள் பெயரில் வந்து நின்ற இடம் இது. இவற்றைப் பொதுமக்கள் படிக்கும்படி வைத்திருப்பதற்காகவே இந்தக் காப்பகம் பாராட்டுக்குரியது.

படைவீரர் தரவுத்தளம், பிரிட்டனுடனான 1812 போரிலிருந்து முதல் உலகப் போர் வரை மிசூரியிலிருந்து சென்றவர்களின் பணிக் குறிப்புகளைத் தருகிறது. செயின்ட் லூயிஸ் அருகே ஓவர்லாண்டில் இருந்த தேசியப் பணியாளர் ஆவண மையத்தில் 1973 ஜூலை 12 அன்று ஏற்பட்ட தீயில், 1912-க்கும் 1960-க்கும் இடையே விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் கோப்புகளில் ஏறத்தாழ 80 விழுக்காடு அழிந்ததை நினைத்தால், மாநிலம் தனியே காத்துவைத்த முதல் உலகப் போர் அட்டைகளின் முக்கியத்துவம் புரியும்.

குறைகளும் உண்டு. ஒவ்வொரு தொகுப்புக்கும் தனித்தனித் தேடல் பக்கம் என்பதால், ஒரே பெயரை இறப்பு, படைவீரர், நீதிமன்றம், நிலம் என்று மாற்றி மாற்றி உள்ளிட வேண்டியிருக்கிறது. இறப்புச் சான்றிதழ்களை இறந்தவரின் பெயர், கவுண்டி, காலம் ஆகியவற்றைக் கொண்டுதான் தேட முடிகிறது. பெற்றோரின் பெயரை உள்ளிட்டு அவர்களுடைய பிள்ளைகள் அனைவரையும் கண்டறியும் வசதி இருந்திருந்தால், மணமான மகள்களைத் தேடும் உழைப்பு பெருமளவு குறைந்திருக்கும். அட்டவணைப்படுத்தும் பணியில் ஏராளமான தன்னார்வலர்கள் பங்கேற்றிருக்கிறார்கள். கையெழுத்தை அவர்கள் படித்தபடியே பெயர் பதிவாகியிருக்கும் என்பதால் ஷ்ரோடர் என்ற ஒரு பெயருக்கே நான்கைந்து எழுத்துக்கூட்டல்களை முயன்று பார்ப்பது நல்லது. படங்களில் உள்ள கையெழுத்தைத் தட்டச்சில் தரும் வடிவம் இல்லை. பழைய ஜெர்மன் கையெழுத்தில் உள்ள தாள்களைப் படிக்க வெளியார் உதவியை நாடத்தான் வேண்டும்.

காப்பகத்தில் இல்லாதவற்றுக்கு அதே மாநிலத்தில் இரண்டு நல்ல இடங்கள் உள்ளன. கொலம்பியாவில், 1898-இல் பத்திரிகையாளர் சங்கத்தினர் தொடங்கிய மாநில வரலாற்றுச் சங்கம், சிற்றூர்ப் பத்திரிகைகளை இலவசமாக இணையத்தில் ஏற்றியிருக்கிறது. சான்றிதழில் ஒரே வரியாக இருக்கும் விபத்து, உள்ளூர் வார இதழில் ஒரு பத்தியாக விரிந்திருக்கும். இண்டிபெண்டன்ஸ் நகரில் 2008-இல் திறக்கப்பட்ட மிட்வெஸ்ட் மரபாய்வு மையம் ஒரு பொது நூலகத்தின் கிளை. அச்சிட்ட கவுண்டி வரலாறுகளையும் குடும்ப நூல்களையும் அலமாரிகளிலிருந்து எடுத்துப் புரட்ட அதுவே ஏற்ற இடம்.

ஜெஃபர்சன் சிட்டிக்கு நேரில் செல்பவர்கள், தேடும் நபர் வாழ்ந்த கவுண்டியின் எல்லை எந்த ஆண்டில் எப்படி இருந்தது என்பதை முன்கூட்டியே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இன்று மிசூரியில் 114 கவுண்டிகளும், எந்தக் கவுண்டியிலும் சேராத செயின்ட் லூயிஸ் நகரமும் உள்ளன. நகரம் கவுண்டியிலிருந்து பிரியத் தீர்மானித்தது 1876-இல்; அதற்கு முந்தைய செயின்ட் லூயிஸ் கவுண்டியின் ஏடுகள் நகரத்தின் வசமே தங்கிவிட்டன. புறநகர்ப் பகுதியில் 1860-இல் நிலம் வாங்கிய ஒருவரின் பத்திரத்தைத் தேடுபவர், இன்றைய கவுண்டித் தலைநகரான கிளேட்டனை விட்டுவிட்டு நகர மன்றத்தின் பதிவாளர் அலுவலகத்திலிருந்து தொடங்க வேண்டும்.