கோப்பை ஆட்டங்களில் வி.ஏ.ஆர்.: கை விஷயத்தில் எவ்வளவு நம்பலாம்?

கால்பந்தில் எனக்கென்று நிரந்தர அணி கிடையாது. கோப்பை ஆட்டம் என்றால் சின்ன அணியின் பக்கம் நிற்பேன். என் அண்ணனோ மான்செஸ்டர் யுனைடெட் ரசிகர். 2024 ஏப்ரல் 21 அன்று இருவரும் ஒரே திரையின் முன்னால் உட்கார்ந்து இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பை அரையிறுதி பார்த்தோம். இரண்டாம் அடுக்கு லீகில் ஆடும் கோவென்ட்ரி, 0-3 என்று பின்தங்கியிருந்து இரண்டு கோல்களைத் திருப்பியது. கூடுதலாகத் தந்த நிமிடங்களில் யுனைடெட்டின் வான் பிஸ்ஸாகா கையில் பந்து பட, பெனால்டி. ஹாஜி ரைட் அடித்தார், 3-3. அப்புறம் 120 நிமிடங்களும் தாண்டிய நேரத்தில் விக்டர் டோர்ப் நான்காவது கோலைப் போட்டார். நான் எழுந்து கத்தினேன். அண்ணன் முகத்தை மூடிக்கொண்டார். வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் ஏற்பாடான வி.ஏ.ஆர். கோடு போட்டுப் பார்த்து, ரைட் மயிரிழையில் ஆஃப்சைடு, அதாவது தடுப்பு வீரர்களைத் தாண்டி முன்னால் நின்றார் என்று சொன்னது. கோல் போனது. பெனால்டி ஷூட் அவுட்டில் யுனைடெட் 4-2.

அந்தக் கோட்டின் மேல் எனக்குக் கோபம் இல்லை. வலித்தது, ஆனால் ஆஃப்சைடு என்பது அளந்து சொல்லக்கூடிய விஷயம். கை அப்படிப்பட்டதல்ல. இத்தனை வருடம் பார்த்ததை வைத்து, கோப்பை ஆட்டங்களில் ஹேண்ட்பாலை, அதாவது பந்து கையில் பட்ட விவகாரத்தை, தீர்க்க வி.ஏ.ஆர். எவ்வளவு உதவுகிறது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

2018இல் ஆட்ட விதிகளுக்குள் வந்த ஏற்பாடு இது. கோல், பெனால்டி, நேரடிச் சிவப்பு அட்டை, ஆள் மாறாட்டம் என்ற நான்கில் மட்டும்தான் தலையிடும் என்று அப்போது வைத்தார்கள். அதுவும் களத்து நடுவர், யார் கண்ணுக்கும் தெரிகிற பெரிய தவறு செய்திருந்தால், அல்லது பெரிய ஒன்றைக் கவனிக்காமல் விட்டிருந்தால் மட்டும். இங்கிலாந்தில் இதன் முதல் போட்டி ஆட்டமே ஒரு கோப்பை ஆட்டம்தான்: 2018 ஜனவரி 8, எஃப்.ஏ. கோப்பை மூன்றாம் சுற்று, பிரைட்டனும் கிரிஸ்டல் பேலஸும். 87ஆவது நிமிடத்தில் கிளென் மரே போட்ட வெற்றி கோலில் பந்து கையில் பட்டதா என்றுதான் பார்த்தார்கள். படவில்லை என்று கோலை ஏற்றுக்கொண்டார்கள். முதல் நாளே கை விவகாரத்தில்தான் தொடங்கியிருக்கிறது.

பட்டதா, படவில்லையா என்று கேட்டால் இது அருமையான சேவை. மனதாரச் சொல்கிறேன். ஐரோப்பிய நாடுகள் மோதும் 2024 யூரோ கோப்பையில் பெல்ஜியமும் ஸ்லோவாக்கியாவும் ஆடிய ஆட்டம் அதற்குச் சாட்சி. உலகத் தரவரிசையில் பெல்ஜியம் 3, ஸ்லோவாக்கியா 48. ஏழாவது நிமிடத்திலேயே ஷ்ரான்ஸ் கோல் போட்டு ஸ்லோவாக்கியா முன்னால் போய்விட்டது. ஆட்டம் முடியப் போகும் நேரத்தில் லுகாகு சமன் செய்தார். ஆனால் பந்தை அவருக்கு எடுத்துக் கொடுத்த ஓப்பென்டாவின் கை அதில் உரசியிருந்தது. பந்துக்குள் இருந்த சென்சார் நொடிக்கு 500 முறை பதிவு செய்வது. கிரிக்கெட்டில் மட்டையில் உரசியதா என்று ஸ்னிக்கோ பார்ப்போமே, அதே மாதிரி கை பட்ட கணத்தில் ஒரு கோடு துள்ளியதைத் திரையில் காட்டினார்கள். கோல் ரத்து. 1-0 என்றே ஸ்லோவாக்கியா ஜெயித்தது. பெரிய அணிகளுக்குச் சாதகமாகத்தான் வி.ஏ.ஆர். வேலை செய்யும் என்று யாராவது சொன்னால் இந்த ஆட்டத்தைத்தான் எடுத்துக் காட்டுவேன்.

சிக்கல் அடுத்த கேள்வியில் வருகிறது. பட்டது சரி, அது தப்பா? வேண்டுமென்றே தொட்டாரா, கை இயல்பில்லாத இடத்தில் இருந்து உடம்பை அகலமாக்கியதா என்று விதி கேட்கிறது. இதற்கு எந்தச் சென்சாரும் பதில் சொல்லாது. ஒரு மனிதர் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். அவருக்கு நாம் கொடுப்பதோ மெதுவாக ஓடும் படம். மெதுவாக ஓட்டினால் எந்தக் கையும் பந்தைத் தேடிப் போவது போலத்தான் இருக்கும். அரை நொடி கூட இல்லாதது மூன்று நொடியாக நீளும்போது, கையை இழுத்துக்கொள்ள நேரம் இருந்ததே என்று தோன்றிவிடும். பட்ட இடத்தைப் பார்க்க மெதுவான படம், அது குற்றமா என்று தீர்மானிக்கச் சாதாரண வேகம் என்று வி.ஏ.ஆர். நெறிமுறையே சொல்கிறது. ஆனால் திரையில் நமக்கு மறுபடி மறுபடி வருவது உறைந்து நிற்கிற கைதான்.

2018 உலகக் கோப்பை இறுதியாட்டம் நினைவிருக்கிறதா? முதல் முறையாக இறுதிக்கு வந்த குரோஷியா, பிரான்ஸுடன் 1-1 என்று சமமாக நின்றது. கார்னரிலிருந்து வந்த பந்து பெரிசிச்சின் கையில் பட்டது. நடுவர் பித்தானா திரையைப் பார்த்தார், நகர்ந்தார், மனம் கேட்காமல் திரும்பிப் போய் மறுபடி பார்த்தார். அப்புறம்தான் பெனால்டி கொடுத்தார். இரண்டாம் முறை பார்க்க வேண்டிவந்த ஒன்றைக் கண்ணுக்குத் தெரிகிற தவறு என்று எப்படிச் சொல்வது? இன்றுவரை எனக்கு அது ஆறவில்லை.

எனக்குப் பிடித்த முடிவாக இருந்தாலும் இதையேதான் சொல்வேன். 2019 மார்ச் 6, பாரிஸ். சொந்த மைதானத்தில் 0-2 என்று தோற்றிருந்த யுனைடெட், பி.எஸ்.ஜி.யை அவர்கள் மைதானத்திலேயே 3-1 என்று வென்று, வெளியூர் கோல் கணக்கில் (மொத்தம் சமமானால் எதிரணி மைதானத்தில் அதிகக் கோல் போட்டவருக்கே வெற்றி என்ற அப்போதைய விதி) சாம்பியன்ஸ் லீக் காலிறுதிக்குப் போனது. கடைசிக் கோல், கிம்பெம்பே கையில் பட்டதற்காக வி.ஏ.ஆர். வழியே வந்த பெனால்டி. அண்ணன் அன்று அழுதார். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் முதுகைத் திருப்பிக்கொண்டு குதித்தவர் அவர். பந்து வருவதே தெரியாதவரைத் தண்டித்தது நியாயம் என்று என்னால் சொல்ல முடியவில்லை.

அங்கே பெனால்டி கிடைத்தது; 2024 யூரோ காலிறுதியில் ஸ்பெயினின் குக்குரெய்யா கையில் முசியாலா அடித்த பந்து பட்டபோது கொடுக்கவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஐரோப்பியக் கால்பந்துச் சங்கமான யூஇஎஃப்ஏவின் நடுவர் குழுவே அது பெனால்டிதான் என்றது. ஜெர்மனி வீட்டுக்குப் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

இப்போது பிளைமவுத்துக்கு வருகிறேன். 2025 பிப்ரவரி 9, எஃப்.ஏ. கோப்பை நான்காம் சுற்று. இரண்டாம் அடுக்கில் கடைசி இடத்தில் இருந்த அணி, பிரீமியர் லீகின் முதலிடத்தில் இருந்த லிவர்பூலை 1-0 என்று வீழ்த்தியது. ஹார்வி எலியட் கையை உயர்த்தியிருந்தார், பந்து பட்டது, நடுவர் பெனால்டி கொடுத்தார், ரயன் ஹார்டி அடித்தார். அந்தப் பருவத்தில் ஐந்தாம் சுற்றிலிருந்துதான் வி.ஏ.ஆர். என்பதால், அது சொல்வதைக் கேட்க நடுவர் காதில் கை வைத்துக்கொண்டு நிற்கவில்லை. கோல் விழுந்ததும் மைதானம் முழுவதும் தயக்கமில்லாமல் குதித்தது. டோர்ப்பின் கோலுக்கு நான் குதித்ததும் அப்படித்தான். அந்த மகிழ்ச்சியை உடனே நம்ப முடிவது சின்ன அணி ரசிகனுக்கு எவ்வளவு பெரியது என்பதை அன்று பார்த்தேன்.

தொட்டதா என்று பார்க்கும் வேலைக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். தப்பா என்று தீர்மானிக்கும் வேலைக்கு நான்கு. கோப்பை ஆட்டங்களில் சென்சார் இருக்கட்டும். நடுவரின் திரையில் சாதாரண வேகப் படம் மட்டும் ஓடட்டும். இரண்டு முறை பார்த்தும் முடிவுக்கு வர முடியாவிட்டால், களத்தில் சொன்னதே நிற்கட்டும்.

போன வாரம் வான் பிஸ்ஸாகாவின் கையையும் அந்த வேகத்திலேயே பார்த்தேன். அவ்வளவு அருகிலிருந்து வந்த பந்து. எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. அண்ணனிடம் ஒப்புக்கொண்டேன். அவர் அதைப் பிடித்துக்கொண்டு வாதாடுவார் என்று நினைத்தேன். டோர்ப் அடித்ததும் தோற்றுவிட்டோம் என்றே தான் நினைத்ததையும், கோவென்ட்ரிக்காரர்கள் கொண்டாடியதைப் பார்த்துக்கொண்டே இருந்ததையும் பற்றி மட்டும் சொன்னார்.