பார்படோஸில் இருபது பேரோடு கடற்கரைக் கல்யாணம்: தீவுக்கு முழு மார்க், ‘இலவச’ பேக்கேஜுக்குப் பாதி

கரீபியன் தீவில் கல்யாணம் என்று தேட ஆரம்பித்தால் மணலும் பூ வளைவும் வெள்ளைத் துணியும்தான் முதலில் கண்ணில் படும். அந்தக் கல்யாணம் சட்டப்படி செல்ல எத்தனை நாள் அங்கே தங்க வேண்டும் என்ற கேள்வி டிக்கெட் போட்ட பிறகுதான் வரும். முதலில் கேட்க வேண்டியது அதைத்தான். மார்ட்டினிக், குவாதலூப் இரண்டும் பிரான்ஸ் நாட்டின் பகுதிகள். அங்கே சட்டப்படி கல்யாணம் செய்ய மணமக்களில் ஒருவராவது ஒரு மாதம் குடியிருந்திருக்க வேண்டும். ஒரு வார லீவில் அது நடக்காத காரியம். ஜமைக்காவில் இறங்கி 24 மணி நேரம் ஆக வேண்டும். பார்படோஸில் காத்திருப்பே இல்லை. காலையில் கல்யாண லைசென்ஸ் வாங்கி அன்று மாலையே மோதிரம் மாற்றலாம். சின்னக் கல்யாணத்துக்கு இந்தத் தீவை முதலிடத்தில் வைக்க இதுவே பெரிய காரணம்.

லைசென்ஸ் கொடுப்பது உள்துறை அமைச்சகம். இருவரும் நேரில் போக வேண்டும். ஹோட்டல்காரர்கள் காரில் அழைத்துப் போவார்கள், வரிசையில் கூட நிற்பார்கள், ஆனால் உங்கள் கையெழுத்தை நீங்கள்தான் போட வேண்டும். கொண்டுபோக வேண்டியவை: இருவர் பாஸ்போர்ட், திரும்பிப் போகும் விமான டிக்கெட், கல்யாணத்தை நடத்திவைக்கப் போகும் பாதிரியாரோ மாஜிஸ்திரேட்டோ கொடுத்த கடிதம். இந்தக் கடிதத்தைத்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். லைசென்ஸ் வாங்கிவிட்டு ஆள் தேடலாம் என்று வருகிறார்கள். ஆள் முடிவானால்தான் லைசென்ஸே கிடைக்கும். இருவருமே வெளிநாட்டினர் என்றால் கட்டணம் 200 பார்படோஸ் டாலர், அதோடு 25 டாலர் ஸ்டாம்ப். ரொக்கமாக எடுத்துப் போங்கள்.

முன்பே விவாகரத்து ஆனவர்கள் இறுதித் தீர்ப்பின் அசலோ சான்றளித்த நகலோ வைத்திருக்க வேண்டும். இடைக்காலத் தீர்ப்பு போதாது. துணையை இழந்தவர்கள் பழைய திருமணச் சான்றிதழையும் இறப்புச் சான்றிதழையும் கொண்டுவர வேண்டும். ஆவணம் ஆங்கிலத்தில் இல்லையென்றால் சான்றளித்த மொழிபெயர்ப்பும் தேவை. பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், தீர்ப்பில் இன்னொரு பெயர் என்று இருந்தால் அதை ஊரிலேயே சரிசெய்துவிட்டுக் கிளம்புங்கள். கவுண்டரில் நின்றுகொண்டு விளக்கம் சொல்லித் தீர்க்கிற விஷயம் இல்லை இது.

அமைச்சகம் வாரநாளில் மட்டும்தான் இயங்கும். வெள்ளிக்கிழமை மாலை இறங்கி ஞாயிறு கல்யாணம் என்று போட்ட திட்டம் அங்கேயே உடையும். ஜனவரி 21, ஏப்ரல் 28, ஆகஸ்ட் 1, நவம்பர் 30 அரசு விடுமுறை. ஆகஸ்ட் முதல் திங்களும் விடுமுறைதான். அன்று கிராப் ஓவர் என்னும் கரும்பு அறுவடைத் திருவிழாவின் உச்ச நாள், அறையும் கிடைக்காது, ரோட்டில் காரும் நகராது. ஞாயிறு அல்லது திங்கள் வந்து இறங்கி, செவ்வாய் லைசென்ஸ் வாங்கி, வியாழன் மாலை கல்யாணம் என்று வைத்தால் நெஞ்சு படபடக்காது. பெட்டி ஒரு நாள் தாமதமாக வந்தாலும் சமாளிக்கலாம். முதல் நாள் வெயிலில் சிவந்த தோலும் கொஞ்சம் அடங்கியிருக்கும்.

சாட்சி இருவர் வேண்டும். மணமக்கள் மட்டுமே வந்திருந்தால் ஹோட்டல் ஊழியர்களே நிற்பார்கள். மணலில் கையெழுத்தாகும் காகிதம் பதிவுக்குப் போகிறது. ஊரில் விசாவுக்கும் வங்கிக்கும் காட்ட வேண்டியது பதிவுத்துறை தரும் சான்றளித்த நகல். மூன்று நகல் கேளுங்கள். ஒன்றுக்காவது அங்கே வெளியுறவு அமைச்சகத்தில், வெளிநாட்டிலும் ஆவணம் செல்லுபடியாக உதவும் அப்போஸ்டில் முத்திரை வாங்கித் தரச் சொல்லுங்கள். யார் வாங்குவது, யார் அனுப்புவது, எந்தக் கூரியர் என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுத்தில் வாங்கிவிட வேண்டும். கல்யாணம் முடிந்தபின் மின்னஞ்சலுக்குப் பதில் வரும் வேகம் குறைந்துவிடும்.

இனி கடற்கரை. தீவு சிறியது, நீளம் 34 கிலோமீட்டர்தான், ஆனால் ஒவ்வொரு பக்கமும் வேறு கடல். காற்று வருடம் முழுக்கக் கிழக்கிலிருந்து அடிக்கிறது. அதனால் மேற்குக் கரை, அதாவது ஹோல்டவுன், பெய்ன்ஸ் பே, முல்லின்ஸ் பக்கம், காற்றுக்கு முதுகு காட்டி நிற்கும். தண்ணீர் குளம் மாதிரி இருக்கும், சூரியனும் நேர் எதிரே கடலில் இறங்கும். கல்யாணத்துக்கு இதுதான் கரை, அறை வாடகையும் இங்கேதான் அதிகம். தெற்குக் கரையில் வொர்திங், டோவர், அக்ரா எல்லாம் நல்ல மணல், செலவும் குறைவு. ஆனால் காற்று விடாது. முக்காடு முகத்தில் ஒட்டும், உறுதிமொழி மூன்றாம் வரிசைக்குக் கேட்காது. கிழக்கே பாத்ஷீபா பாறைகளும் அலைகளும் போட்டோவுக்கு அற்புதம், ஆனால் இறங்கிக் குளிக்கிற கடல் அல்ல.

சர்காசம் என்னும் பழுப்புக் கடற்பாசி 2011 முதல் இந்தப் பக்கத் தீவுகளில் பெருமளவில் ஒதுங்குகிறது. பார்படோஸில் அது அதிகம் தாக்குவது கிழக்கு, தென்கிழக்குக் கரைகளை. அழுகினால் கூமுட்டை நாற்றம் வரும், வெள்ளி நகை கறுத்துப்போகும். தென்கிழக்கில் அறை எடுப்பவர்கள் விளம்பரப் படத்தை நம்பாமல், இந்த வாரம் எடுத்த கரையின் படத்தை அனுப்பச் சொல்லிக் கேட்க வேண்டும். மேற்குக் கரைக்கும் ஒரு குறை உண்டு. டிசம்பர் முதல் ஏப்ரல் வரை சில நாட்களில் வடக்கிலிருந்து பெரிய அலைகள் வந்து மணலை அரித்துவிடும். நேற்று இருபது நாற்காலி போட்ட இடத்தில் இன்று ஆறு போடத்தான் இடம் இருக்கும். அதனால் மாற்று இடம் என்பது மழைக்கு மட்டுமல்ல. ‘மழை வந்தால் பார்த்துக்கொள்ளலாம்’ என்ற வாய்ப்பேச்சு போதாது. கூரை உள்ள எந்த இடம், எத்தனை மணிக்குள் முடிவெடுக்க வேண்டும், இடம் மாற்றினால் தனிக் கட்டணமா என்று மூன்றையும் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். புயல் காலம் ஜூன் 1 முதல் நவம்பர் 30 வரை. கிழக்கே தள்ளி இருப்பதால் பல புயல்கள் இந்தத் தீவைத் தொடாமல் போகின்றன, ஆனாலும் 2021 ஜூலையில் எல்சா நேரடியாகவே அடித்தது. அந்த மாதங்களில் போனால் பயணக் காப்பீட்டில் புயல் ரத்தும் சேர்ந்திருக்கிறதா என்று பார்த்து எடுங்கள். புயலுக்குப் பெயர் வைத்தபிறகு வாங்கும் காப்பீடு அந்தப் புயலுக்குப் பணம் தராது.

நேரம் குறிப்பதில்தான் அதிகம் சறுக்குகிறார்கள். நவம்பர் நடுவில் சூரியன் மறைவது மாலை ஐந்தரைக்கே. ஜூன் கடைசியில் ஆறரையை ஒட்டி. இது வெப்பமண்டலம், அந்தி நீளாது. மறைந்து அரைமணியில் இருட்டு. எனவே மறையும் நேரத்துக்கு ஒன்றரை மணி முன்பே சடங்கைத் தொடங்குங்கள். சடங்கு 25 நிமிடம் போனாலும் போட்டோவுக்கு ஒரு மணி நேரப் பொன் வெளிச்சம் மிச்சமிருக்கும். கடலுக்கு முதுகு காட்டி ஜோடியை நிறுத்தினால் சூரியன் நேர் பின்னால் வந்து முகம் கறுத்துவிடும். பூ வளைவைக் கரைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பினால் ஒளி கன்னத்தில் பக்கவாட்டில் விழும். நாற்காலி போடுவதற்கு முந்தின நாள் அதே நேரத்தில் அங்கே ஐந்து நிமிடம் நின்று பார்த்தாலே தெரிந்துவிடும்.

ஹோட்டல்களின் ‘இலவசக் கல்யாணம்’ பற்றி. குறிப்பிட்ட இரவுகள் தங்கினால் பூங்கொத்து, சின்ன கேக், ஒரு பாட்டில் ஒயின், பதிவு செய்த இசை, ஒருங்கிணைப்பாளர் என்று கொடுப்பார்கள். நல்லதுதான். ஆனால் லைசென்ஸ் கட்டணம், நடத்திவைப்பவரின் சம்பளம், சான்றிதழ் நகல் மூன்றும் பெரும்பாலும் அதற்கு வெளியே. வெளியிலிருந்து போட்டோகிராபரை அழைத்து வந்தால் அதற்கொரு கட்டணம். வேறு ஹோட்டலில் தங்கும் விருந்தாளி உள்ளே வர ஒரு நாள் பாஸ். அதே இடத்தில் அன்று எத்தனை கல்யாணம் என்று கேளுங்கள். பெரிய ரிசார்ட்டில் அடுத்த ஜோடி அரைமணி தள்ளி மர நிழலில் காத்திருப்பது சகஜம். வாழ்க்கையின் முக்கியமான வார்த்தைகளைக் கடிகாரம் பார்த்துக்கொண்டு சொல்லக்கூடாது. பத்துப் பேருக்குக் கீழ் என்றால் பேக்கேஜ் எடுக்கலாம். பதினைந்து, இருபது என்றால் சின்ன ஹோட்டலில் அறைகளும் இரவுச் சாப்பாடும் மட்டும் எடுத்துக்கொண்டு, உள்ளூர்க் கல்யாண ஏற்பாட்டாளர் ஒருவரைத் தனியாக வைப்பதே எங்கள் சிபாரிசு.

விலை கேட்கும்போது எந்த டாலர் என்று கேட்க மறக்காதீர்கள். இரண்டு பார்படோஸ் டாலர் ஒரு அமெரிக்க டாலர், விகிதம் மாறாதது. ‘நூறு டாலர்’ என்று சொல்லிவிட்டு ஒருவர் ஒன்றையும் மற்றவர் இன்னொன்றையும் நினைத்தால் பில் இரட்டிப்பாகும். டாக்சியில் மீட்டர் கிடையாது, ஏறும் முன்பே தொகையையும் அது எந்த டாலர் என்பதையும் பேசிவிடுங்கள். மதிப்புக் கூட்டு வரி 17.5 சதவீதம், உணவகங்களில் பெரும்பாலும் 10 சதவீத சர்வீஸ் சார்ஜ். சொன்ன விலைக்குள் இவை அடக்கமா என்பதும் எழுத்தில் இருக்கட்டும்.

கடற்கரை எல்லாருக்கும் பொது. எவ்வளவு பெரிய ஹோட்டலானாலும் மணலுக்கு வேலி போட முடியாது. யாரோ நனைந்த துண்டோடு நடுவே நடந்து போவார், ஜெட் ஸ்கீ சத்தம் வரும். இதற்குக் கோபப்பட்டுப் பயனில்லை. பெரிய கப்பல்கள் பிரிட்ஜ்டவுன் துறைமுகத்தில் நிற்கும் நாளில் கார்லைல் பே பக்கம் கூட்டம் நெரியும், கப்பல் அட்டவணையைப் பார்த்துத் தேதி வைக்கலாம். வார நாள் காலை ஏழு மணிக்கு வைத்தால் மேற்குக் கரை அமைதியாக இருக்கும். சூரியன் முதுகுக்குப் பின்னால் இருப்பதால் கடலும் பளிங்குப் பச்சையாகத் தெரியும்.

நிழல் தேடும்போது மரத்தைப் பாருங்கள். மான்சினீல் என்ற மரம் மேற்குக் கரை ஓரமெல்லாம் உண்டு. பளபளக்கும் சின்ன இலை, கீழே உதிர்ந்து கிடக்கும் குட்டிப் பச்சை ஆப்பிள் மாதிரிக் காய். கடித்தால் வாயும் தொண்டையும் வெந்துவிடும், மரத்தின் பால் பட்ட தோல் கொப்பளிக்கும். மழைக்கு ஒதுங்கினால் இலையிலிருந்து சொட்டும் தண்ணீரே போதும். பல மரங்களில் சிவப்பு வளையமோ எச்சரிக்கைப் பலகையோ இருக்கும், எல்லாவற்றிலும் இருக்காது. விருந்தாளிகளில் குழந்தைகள் இருந்தால் முதல் நாளே இந்தக் காயைக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

மே முதல் அக்டோபர் வரை அழுங்காமைகள் இந்த மணலில் முட்டையிடும். அந்த மாதங்களில் கம்பை ஆழமாக அடிக்காமல் மணல் மூட்டை கட்டி வளைவை நிறுத்துங்கள், இரவில் கடலைப் பார்த்து விளக்குப் போடாதீர்கள். முட்டையிலிருந்து வந்த குஞ்சு வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து கடலைத் தவறவிடும்.

மெல்லிய கால் நாற்காலி மணலில் புதையும்; கீழே பட்டைக் கட்டை வைத்த நாற்காலி கேளுங்கள். மைக்குக்குப் பஞ்சு உறை, பேட்டரி ஸ்பீக்கர் ஒன்று. பூக்களில் ரோஜா இரண்டு மணி நேரத்தில் துவளும்; தீவிலேயே வளரும் இஞ்சிப்பூ, ஹெலிகோனியா, ஆந்தூரியம் வெயிலுக்கு அசையாது, விலையும் குறைவு. வெண்ணெய்க் க்ரீம் கேக் வெளியே வைத்தால் வழியும். உள்ளூர் ‘கிரேட் கேக்’ சொல்லுங்கள்: ரம்மில் நாட்கணக்கில் ஊறிய பழங்களின் கறுப்புக் கேக், மேலே பாதாம் பூச்சும் கெட்டி ஐசிங்கும். வெப்பத்தில் உருகாது, நான்கு நாள் கழித்தும் ருசி குறையாது. ‘ரம் பஞ்ச்’ என்னும் கலவைப் பானத்துக்கு ஊர்க் கணக்கு ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. இருபது பேருக்கு லைம் சாறு அரை லிட்டர், சர்க்கரைப் பாகு ஒரு லிட்டர், ரம் ஒன்றரை லிட்டர், தண்ணீர் இரண்டு லிட்டர், பிட்டர்ஸ் என்னும் கசப்பு மூலிகைச் சாறு சில சொட்டு, மேலே ஜாதிக்காய்த் தூள். ஐஸைக் கோப்பையில் போடுங்கள். ஜாடியில் போட்டால் கடைசி ஐந்து பேருக்கு வெறும் தண்ணீர்தான்.

கல்யாணத்துக்குப் பிந்தைய நாட்களுக்கு: ராணுவப் பச்சை டிசைன் உடையைப் பெட்டியில் வைக்காதீர்கள், அங்கே பொதுமக்கள் அணிவது சட்டவிரோதம், குழந்தைக்கும் சேர்த்து. வண்டி இடப்பக்கம் ஓடும். தற்காலிக ஓட்டுநர் லைசென்ஸை வாடகைக் கார் கம்பெனியே போட்டுத் தரும். ஊர் வேனில் 3.50 பார்படோஸ் டாலருக்குக் கரை நெடுகப் போகலாம், பாட்டுச் சத்தம் மட்டும் பழக வேண்டும். வெள்ளி இரவு ஆய்ஸ்டின்ஸ் மீன் சந்தை. இன்னொரு மதியம் மக்காச்சோள மாவும் வெண்டைக்காயும் சேர்த்துக் கிண்டிய கூக்கூவோடு பறக்கும் மீன் குழம்பு. ஒரு காலை கேடமரான் படகில் ஆமைகளோடு நீந்துங்கள். மழை நாளுக்கு ஹாரிசன்ஸ் குகையை மிச்சம் வையுங்கள்.

கடைசி இரண்டு இரவுகளை மேற்கிலிருந்து பாத்ஷீபாவுக்கு மாற்றிக்கொண்டால் வாடகை மிச்சமாகும், தீவின் வேறு முகமும் தெரியும். அங்கே நீந்தக் கூடாது என்றாலும் கடல் உள்வாங்கும் வற்று நேரத்தில் பாறைகளுக்கு நடுவே இடுப்பளவு குளங்கள் உண்டாகும். வற்று நேர அட்டவணையை விடுதியில் கேட்டு, அதற்கு ஒரு மணி நேரம் முன்னால் ரப்பர் செருப்போடு போய் உட்கார்ந்தால், பெரிய அலைகள் வெளியே பாறையில் மோதி உடைய, உள்ளே நுரை மட்டும் தோளுக்கு வரும்.