கலிபோர்னியாவின் மேகன் சட்ட இணையதளம்: பெற்றோருக்கு எந்த அளவு பயன்படும்?

பாலியல் குற்றவாளிகளைப் பதிவு செய்யும் முறை கலிபோர்னியாவில் 1947 முதலே நடைமுறையில் இருந்தாலும், வீட்டிலிருந்தபடியே எவரும் அதைப் பார்க்கும் வசதி 2004 டிசம்பரில்தான் வந்தது. பாலியல் குற்றவாளிகளின் விவரங்களைப் பொதுமக்கள் அறிய வழிசெய்யும் மேகன் சட்டத்தின்படி மாநில நீதித் துறை நடத்தும் இணையதளத்தில், குழந்தைகளிடம் அத்துமீறித் தண்டனை பெற்றவர்களைப் பெயரைக் கொண்டோ, பகுதியைக் கொண்டோ கட்டணமின்றித் தேடலாம்.

நிபந்தனைகளைப் படித்து ஒப்புக்கொண்ட பிறகே தேடல் பக்கம் திறக்கும். ஒரு பெயரைச் சொடுக்கினால் புகைப்படம், உடல் அடையாளங்கள், வேறு பெயர்கள், குற்றப்பிரிவு ஆகியவை வருகின்றன. கடைசியாகத் தண்டனை பெற்ற ஆண்டையும் விடுதலையான ஆண்டையும் தருவது மிகவும் பயனுள்ளது. முப்பது ஆண்டுகளுக்கு முந்தைய குற்றத்தையும் சென்ற ஆண்டு விடுதலையானவரையும் ஒரே தட்டில் வைத்துப் பார்க்காமலிருக்க அது உதவுகிறது. முகவரி மாறினால் ஐந்து வேலை நாட்களுக்குள் காவல்துறையிடம் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அதைச் செய்யவேண்டியவர் குற்றவாளிதான் என்பதால், திரையில் காணும் முகவரியை முழுமையாக நம்பிவிட முடியாது.

இந்தத் தகவலை ஆபத்திலிருக்கும் ஒருவரைப் பாதுகாக்க மட்டுமே பயன்படுத்தலாம் என்று தண்டனைச் சட்டத்தின் 290.46 பிரிவு கூறுகிறது. காப்பீடு, கடன், வேலை, வீட்டுவசதி ஆகியவற்றை மறுக்க இதை ஆதாரமாக்குவதற்குப் பொதுவாகத் தடை உண்டு. இதை வைத்துச் சிறு குற்றம் புரிந்தால் 10,000 முதல் 50,000 டாலர் வரை அபராதம். பெருங்குற்றம் புரிந்தால் கூடுதலாக ஐந்தாண்டுச் சிறை. பதிவேட்டிலுள்ளவரின் வீட்டில் அவருடைய பிள்ளைகளும் வாழ்கிறார்கள் என்பதால் இந்தக் கண்டிப்பை நான் முழுமனதோடு வரவேற்கிறேன்.

எனினும், பட்டியலில் பெயர் இல்லை என்று நிம்மதியடைந்துவிடக் கூடாது. 2021 முதல் ஒருவர் பதிவேட்டில் இருக்கவேண்டிய காலம் பத்தாண்டு, இருபதாண்டு, ஆயுள் என மூன்று நிலைகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. சிலருக்கு முழு முகவரி, சிலருக்கு அஞ்சல் குறியீடு மட்டும், சிலரோ பொதுப் பார்வைக்கே வருவதில்லை. எனக்குப் பெருங்கவலை தருவது குடும்பத்துக்குள் நடந்த குற்றங்களுக்கான விலக்கு. சொந்தப் பிள்ளை, பேரப்பிள்ளை, உடன்பிறந்தவர் போன்றோரிடம் குற்றம் புரிந்து நன்னடத்தைக் கண்காணிப்பில் விடப்பட்டவர், சில நிபந்தனைகளுக்கு உட்பட்டுத் தம் விவரத்தை இணையதளத்திலிருந்து நீக்க விண்ணப்பிக்கலாம். தந்தையின் பெயர் வெளிவந்தால் பாதிக்கப்பட்ட குழந்தை யார் என்பதும் ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற நியாயம் இதில் இருப்பதை மறுக்கவில்லை. ஆனால் குழந்தைகளுக்குத் தீங்கிழைப்பவர்களில் பெரும்பாலோர் அவர்கள் அறிந்து பழகியவர்களே என்பதால், தேவை மிகுந்த இடத்தில்தான் இந்தப் பட்டியல் மெலிந்திருக்கிறது.

அடித்தல், பட்டினி போடுதல், கவனியாது விடுதல் போன்ற கொடுமைகளுக்காக மட்டும் தண்டனை பெற்றவர்களையும் இங்கே தேடிப் பயனில்லை. அவற்றைப் பதிவு செய்யும் குழந்தைக் கொடுமை மையக் குறியேடு தனியாக உள்ளது. நீதிமன்றத் தண்டனையை அல்ல, விசாரணையில் உறுதிசெய்யப்பட்ட புகார்களை அடிப்படையாகக் கொண்ட அதைப் பொதுமக்கள் பார்க்க முடியாது. காவல்துறை, குழந்தைகள் நல அமைப்புகள், உரிமம் வழங்கும் துறைகள் முதலியவையே அணுகலாம். ஆகவே பிள்ளையை ஒரு காப்பகத்தில் விடுமுன், அதன் உரிமத்தையும் ஊழியர்களின் பின்னணிச் சோதனையையும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்க வேண்டும்.