மைக் ஸ்பாஞ்ச் கவர்: கழுவத் தெரிந்தால் காசுக்கேற்ற பொருள்

'ப' வரும் இடங்களில் மைக்கில் மோதும் 'புஸ்' காற்றை ஸ்பாஞ்ச் கவர் நன்றாகவே மட்டுப்படுத்துகிறது. குரலின் கூர்மை மட்டும் லேசாக மங்கும். திறந்தவெளியில் பலத்த காற்றுக்கு இது போதாது, வெளிப்பக்கம் முடி அடர்ந்த ரோமக் கவர்தான் சரி. தளர்வாக உட்காருகிற அளவை வாங்காதீர்கள், கழன்று விழும்.

கழுவுவதில்தான் பலர் கெடுக்கிறார்கள். மைக்கிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான தண்ணீரில் இரண்டு சொட்டு பாத்திரம் கழுவும் லிக்விட் விட்டு, அமுக்கி அமுக்கி எடுங்கள். துணி பிழிவதுபோல முறுக்கினால் கிழியும். நுரை போகும்வரை அலசி, துண்டில் ஒற்றி, நிழலில் ஒரு முழு நாள் காயவிடுங்கள். வெயில் ஸ்பாஞ்சை நொறுங்கச் செய்யும். உள்ளே ஈரத்தோடு மாட்டினால் கண்டென்சர் மைக் (ஸ்டுடியோக்களில் அதிகம் புழங்கும் நுண்ணிய வகை) கரகரக்கும்.

ஸ்பாஞ்சைத் தொட்டால் விரலில் கருந்தூள் ஒட்டுகிறதா? இனிக் கழுவிப் பயனில்லை. அந்தத் தூள் மைக்கின் வலைக்குள் இறங்குமுன் மாற்றிவிடுங்கள்.